அரத்தோடு கடைக்குப் போங்கள்: மலைத் தோட்டத்துக்குக் கைக்கருவி வாங்குவதும் பேணுவதும்

தேயிலைச் செடியின் கிளைகளைக் கழிக்கும் கவாத்துப் பருவம் நெருங்கும்போது நீலகிரியின் கோத்தகிரிக் கடைவீதியின் இரும்புக் கடைகளில் கத்திகள் வரிசையாகத் தொங்கத் தொடங்கும். ஆரஞ்சு நிறப் பிடி, முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பு, அட்டையோடு ஒட்டிய பிளாஸ்டிக் உறை. விலையைக் கேட்டால் பட்டறையில் அடித்த கத்தியின் விலையில் பாதிகூட இருக்காது. இரண்டு ஏக்கர் தேயிலையும் அதன் ஓரத்தில் கொஞ்சம் கேரட்டும் உருளைக்கிழங்கும் வைத்துப் பிழைக்கும் என்னைப் போன்றவர்கள் அந்த விலைக்கு மயங்குவதில் வியப்பில்லை. நானும் மயங்கியிருக்கிறேன். அந்த அனுபவத்தில் தெரிந்துகொண்டவற்றையும், பட்டறையில் நின்று பார்த்துக் கற்றவற்றையும், இந்த ஆண்டு புதிதாகக் கருவி வாங்கப்போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

கடைக்குப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சிறிய முக்கோண அரம் இருக்கட்டும். ரம்பத்தின் பல்லைக் கூராக்கப் பயன்படும் சாதாரண அரம் போதும். கடைக்காரரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, பிடிக்கு அருகில், வாங்குபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கத்தியின் வாய் ஓரத்தை, அதாவது வெட்டும் விளிம்பை, ஒருமுறை மெல்ல இழுத்துப் பாருங்கள். நன்றாகத் தோய்ச்சல் போட்ட, அதாவது காய்ச்சித் தோய்த்துக் கடினமாக்கிய, எஃகில் அரம் கண்ணாடி மேல் வழுக்குவதுபோல வழுக்கும், அல்லது மிகச் சிரமப்பட்டுக் கடிக்கும். நகத்தைத் தேய்ப்பதுபோல இலகுவாகக் கடித்துத் தூள் உதிர்ந்தால், அது கரிமம் குறைந்த மென் இரும்பு. அதற்கு நீங்கள் எவ்வளவு சாணை பிடித்தாலும் பத்துச் செடிக்கு மேல் வாய் நிற்காது. அடுத்து முதுகுப் பக்கத்தை இழுத்துப் பாருங்கள். அங்கே அரம் கடிக்க வேண்டும். வாய் கடினமாகவும் முதுகு சற்று இளகியும் இருப்பது யாரோ ஒருவர் கவனத்தோடு பதம் போட்டிருக்கிறார் என்பதற்கு அடையாளம். முதல் இழுப்பில் வழுக்கி, மூன்றாவது இழுப்பில் கடிக்கத் தொடங்கினால் மேல்தோல் மட்டுமே கடினம், உள்ளே மென்மை என்று பொருள். ஒருமுறை தீட்டியவுடன் அந்தத் தோல் போய்விடும்.

அரம் வைக்க விடமாட்டேன் என்று சொல்லும் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அப்போது கண்ணை மட்டும் நம்ப வேண்டும். கோடாரி, மண்வெட்டி ஆகியவற்றின் கண்ணுக்குள், அதாவது காம்பு நுழையும் துளைக்குள், கைப்பேசி விளக்கை அடித்துப் பாருங்கள். பெயின்டுக்கு அடியில் நடுவாக ஒரு மேடான கோடு ஓடினால் அது வார்ப்பு அச்சின் தடம்; வெல்டிங் மணிகள் தெரிந்தால் இரண்டு துண்டுகளை ஒட்டியிருக்கிறார்கள். அடிபடும் கருவிக்கு இரண்டுமே நம்பிக்கை தருபவை அல்ல. கத்தியில் பிடிக்குள் இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்பதைப் பாருங்கள்: பிடியின் முழு நீளத்துக்கும் இரும்பு ஓடி, இரண்டு மூன்று ஆணிகள் அடித்திருந்தால் நல்லது, பிளாஸ்டிக் பிடிக்குள் விரல் நீள முள் மட்டும் செருகியிருந்தால் சீக்கிரம் கழன்று வரும். தட்டி ஓசை கேட்பது என்று ஒரு பழக்கம் உண்டு. அதனால் விரிசல் இருக்கிறதா என்பது தெரியுமே தவிர, எஃகின் தரம் தெரியாது.

பிறகு அட்டையைப் படியுங்கள், குறிப்பாகப் பின்பக்கத்தை. பொட்டலப் பொருள்களுக்கான 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, இறக்குமதிச் சரக்கின் மீது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், எந்த நாட்டில் செய்யப்பட்டது என்பதும், அதிகபட்ச விலையும் இருக்க வேண்டும். முன்பக்கத்தில் இந்தியப் பெயரும் மூவண்ணக் கோடும் இருக்கும். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் ‘மேட் இன் பி.ஆர்.சி.’ என்று இருக்கும். பி.ஆர்.சி. என்றால் சீன மக்கள் குடியரசுதான். சீனத்தில் செய்தது என்பதாலேயே அது மட்டம் என்று நான் சொல்லவில்லை. உலகின் நல்ல கருவிகள் பலவும் இன்று அங்கேதான் செய்யப்படுகின்றன. எங்கள் சந்தைக்கு வருபவை பெரும்பாலும் அவை அல்ல. கேட்ட விலைக்கு ஏற்ற சரக்கைச் செய்து தருபவர்களிடம் மிகக் குறைந்த விலையைக் கேட்டால், மிகக் குறைந்த சரக்குதான் கப்பல் ஏறும். உள்நாட்டுத் தயாரிப்பாக இருந்தால் ஐ.எஸ். எண், அதாவது இந்தியத் தர நிர்ணய எண், இருக்கிறதா என்று பாருங்கள்: சுத்தியலுக்கு ஐ.எஸ். 841, மண் அள்ளும் ஷவலுக்கு ஐ.எஸ். 274. அந்த எண்ணும் முத்திரையும் இருந்தால், எஃகின் கடினத்துக்கு யாரோ பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள்.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் உருளைக்கிழங்கு தோண்ட நான்கு முள் கொண்ட முள்ளுக்கொத்து ஒன்றை, ஊர் பெயர் சொல்ல விரும்பாத ஒரு கடையில், மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். முதல் நாள் காலை பத்து மணிக்குள் ஒரு முள் வெளிப்பக்கமாக வளைந்துவிட்டது. கல்லில் பட்டதா என்றால் அதுவும் இல்லை; ஈரமான செம்மண்ணில் வேரோடு சேர்ந்த ஒரு கட்டியை நெம்பியதற்கே அந்த நிலை. பட்டறைக்கு எடுத்துக்கொண்டு போனேன். பட்டறைக்காரர் முள்ளை விரலால் சுண்டிப் பார்த்தார், வளைந்ததைக் கையாலேயே நிமிர்த்தினார், மறுபடியும் கையாலேயே வளைத்துக் காட்டினார்.

“ஒரு தடவ காய்ச்சி அடிச்சுப் பாருங்க ஐயா.”

“கண்ணு, இதைக் காய்ச்சுனாக் கரிக்குத்தான் கேடு. இது எஃகுமில்ல, நல்ல இரும்புமில்ல. தகரத்துக்கு அண்ணன்.”

அந்த முள்ளுக்கொத்து இப்போது கோழிக் கூண்டின் கதவுக்குத் தாழ்ப்பாளாக இருக்கிறது. அந்த வேலைக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது.

மலிவுச் சரக்கு எப்படி மலை வரை ஏறிவந்தது என்பதை அறிந்தால் எதை வாங்கலாம், எதை வாங்கக் கூடாது என்பதும் தெளிவாகும். கொல்லன் தெருவில் ஊசி விற்பதா என்று கேலியாகச் சொல்வது நம் வழக்கம். இன்று கொல்லன் அடித்த அரிவாளுக்குப் பக்கத்திலேயே கப்பலில் வந்த அரிவாள் தொங்கி, அதுதான் முதலில் விலை போகிறது. 2001-ஆம் ஆண்டு ஏப்ரல் 1 அன்று, எஞ்சியிருந்த 715 வகைப் பொருள்களின் மீதான இறக்குமதி அளவுக் கட்டுப்பாட்டை இந்தியா நீக்கியது. அதே ஆண்டு டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்தது. அதற்குப் பின் வந்த ஆண்டுகளில் இரும்புக் கடைகளின் முகமே மாறிவிட்டது. வடக்கே ஜலந்தரும் லூதியானாவும் ராஜஸ்தானின் நாகௌரும் கைக்கருவிக்குப் பெயர்போன ஊர்கள். ஜலந்தரில் 1983-இலேயே கைக்கருவிகளுக்கென்று மத்திய நிறுவனம் ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே ஸ்பேனரும் கொறடும் இன்றும் நன்றாகவே செய்கிறார்கள், அவற்றில் பெரும்பங்கு வெளிநாட்டுக்குப் போகிறது. ஆக, நம் ஊர் நல்ல கருவி கப்பலேறிப் போக, வெளியூர் மட்டக் கருவி கப்பலேறி வருகிறது. பழைய வண்டிப் பட்டைகளையும் ரயில் இரும்பையும் உருக்கியடித்துக் கத்தரிக்கோல் செய்யும் மீரட் நகரம் 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. குறியீடு கிடைத்த பின்னும் சீனக் கத்தரிக்கோலின் விலையோடு மல்லுக்கட்டுவது நிற்கவில்லை. நமக்கு அருகில் திண்டுக்கல் பூட்டுக்கு 2019-இல் அதே குறியீடு கிடைத்தது. அந்தப் பூட்டைச் சாய்த்ததில் உத்தரப் பிரதேசத்து அலிகரின் மலிவுப் பூட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. போட்டி எப்போதும் கடல் தாண்டித்தான் வரும் என்பதில்லை.

நீலகிரியில் இது முதல் அடியும் அல்ல. ‘கோக்கால்’ என்று அழைக்கப்பட்ட ஏழு ஊர்களில் வாழ்ந்த கோத்தர்கள்தாம் இந்த மலையின் கொல்லர்களாகவும் தச்சர்களாகவும் குயவர்களாகவும் இருந்தார்கள். படகர்களுக்கு மண்வெட்டியும் அரிவாளும், தோடர்களுக்குக் கத்தியும் கோடாரியும் அவர்களுடைய உலையிலிருந்தே போயின, பதிலுக்குத் தானியமும் நெய்யும் வந்தன. கோத்தகிரி என்ற பெயரிலேயே அவர்கள் இருக்கிறார்கள். ஆங்கிலேயத் தோட்டக்காரர்கள் வந்து, கடைவீதிகள் பெருகி, ஆலை இரும்பும் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகர முத்திரைக் கருவியும் காசுக்குக் கிடைக்கத் தொடங்கியபோதே அந்தப் பண்டமாற்று தளரத் தொடங்கியது. ஷெஃபீல்டு கத்தி நல்ல கத்தி என்பதை மறுக்க முடியாது. அந்தப் பழைய கத்திகளில் ஒன்று எங்கள் வீட்டில் இருக்கிறது. தேய்ந்து பாதி அகலமாகிவிட்டது, வாய் இன்னும் நிற்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. மண்வெட்டி, கோடாரி, அரிவாள், கவாத்துக் கத்தரி முதலிய வேளாண் கைக்கருவிகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. கேட்க இனிமையாக இருக்கிறது. அவற்றைச் செய்ய வாங்கும் எஃகுக்கு 18 சதவீதம் உண்டு. விற்கும் பொருளுக்கு வரி இல்லாததால், எஃகுக்குக் கட்டிய வரியைப் பட்டறைக்காரர் திரும்பப் பெறவும் முடியாது. சீனாவோ தன் ஏற்றுமதியாளர்கள் கட்டிய மதிப்புக்கூட்டு வரியை முழுவதுமாகவோ பகுதியாகவோ திருப்பித் தருகிறது. இரண்டு கத்திகளும் கடையில் அருகருகே தொங்கும்போது இந்தக் கணக்கு எந்த அட்டையிலும் எழுதியிருக்காது.

இனிப் பட்டறையில் கருவி சொல்லிச் செய்வது எப்படி என்று பார்ப்போம். முதலில் இரும்பு. புதுப் பட்டை வாங்குவதைவிடப் பழைய லாரி ஸ்பிரிங் பட்டை நல்லது. அதில் ஏறத்தாழ 0.5 முதல் 0.6 சதவீதம் கரிமம் இருப்பதால் வாய் பிடிக்கும், அடி தாங்கும். மேட்டுப்பாளையத்திலும் கோயம்புத்தூரிலும் பழைய இரும்புக் கடைகளில் எடைக்குக் கிடைக்கும். துருப்பிடித்துப் பள்ளம் விழுந்ததையும், குறுக்கே மயிரிழை விரிசல் உள்ளதையும் தள்ளிவிடுங்கள். பல லட்சம் முறை வளைந்து நிமிர்ந்த பட்டையில் அந்த விரிசல் கத்தியிலும் தொடரும். சந்தேகமாக இருந்தால் சாணைக்கல்லில் ஒரு மூலையை வைத்துத் தீப்பொறியைப் பாருங்கள்: மென் இரும்பின் பொறி நீளமாக, நேராக, கிளை குறைவாகப் போகும், கரிமம் உள்ள எஃகின் பொறி கம்பி மத்தாப்புபோல நுனியில் பூப்பூவாக வெடிக்கும்.

அடுத்து, என்ன வேலைக்கு, யார் கைக்கு என்பதைச் சொல்ல வேண்டும். கடையில் கிடைக்கும் மண்வெட்டி சமவெளியில் நிற்பவருக்காக அடித்தது. சரிவில் மேல்நோக்கி நின்று வெட்டும்போது மண்ணே நெஞ்சுக்கு அருகில் வந்துவிடுவதால், சற்றுக் குட்டையான காம்பு போதும். கழுத்தின் வளைவும் அதற்கேற்ப மாற வேண்டும். என்னிடம் பட்டறைக்காரர் உயரத்தைக் கேட்கவில்லை. ஒரு பழைய காம்பைக் கொடுத்து, பட்டறை வாசலின் மேட்டில் நாலு வெட்டு வெட்டச் சொல்லிப் பார்த்துவிட்டு, கழுத்தைக் காய்ச்சி, பட்டடைக் கல்லின் ஓரத்தில் வைத்து இரண்டே அடியில் வளைவை மாற்றினார். கவாத்துக் கத்தியானால் எடையைச் சொல்லுங்கள். காலையிலிருந்து மாலை வரை பிடிக்கும் கைக்கு ஐம்பது கிராம் வித்தியாசம்கூட மூன்று மணிக்கு மேல் தெரியும். பெண்கள் பிடிக்கப்போகும் கருவி என்றால் அவர்களையே அழைத்துக்கொண்டு போவது நல்லது. ஆண்கள் போய்ச் சொல்லிவந்த கருவிகளின் பிடி பெரும்பாலும் அவர்கள் கைக்குப் பருமனாகவே அமைந்துவிடுகிறது.

பதம் போடும் நேரத்தில் அங்கே இருங்கள். முடிந்தால் மாலை மங்கிய பிறகு போங்கள். வெயிலில் இரும்பின் நிறம் சரியாகத் தெரியாது என்பதால் பட்டறைக்காரரே அந்த நேரத்தைத்தான் விரும்புவார். அடித்து உருவான கத்தியை உலையில் வைத்து, பழுத்த மிளகாயின் சிவப்பு வரும்வரை காய்ச்சுவார்கள். சுமார் 770 டிகிரிக்கு மேல் இரும்பைக் காந்தம் பிடிக்காது. ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தம் ஒன்றைக் கம்பியில் கட்டி வைத்துக்கொண்டு, அது ஒட்டாத நிலைக்குச் சற்று மேலே போனதும் எடுப்பது நிறத்தை மட்டும் நம்புவதைவிடப் பிழை குறைந்தது. பிறகு வாய்ப்பக்கம் மட்டும் தோய்க்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைக்கு எண்ணெய் பாதுகாப்பானது. தண்ணீரில் தோய்த்தால் சில சமயம் ‘டிக்’ என்று ஒரு சிறு சத்தம் கேட்கும், அந்தச் சத்தத்தோடு கத்தியின் ஆயுள் முடிந்தது.

அதன் பிறகுதான் பார்க்க வேண்டிய காட்சி வருகிறது. தோய்த்த வாய் கண்ணாடிபோல உடையும் தன்மையில் இருக்கும். முதுகில் இன்னும் சூடு மிச்சம். கருகிய மேல்தோலைச் செங்கல் துண்டால் பரபரவென்று தேய்த்து வெள்ளை இரும்பைத் திறந்துவிட்டால், முதுகின் சூடு வாயை நோக்கி இறங்க இறங்க அந்த வெள்ளையின் மேல் நிறங்கள் ஓடிவரும்: முதலில் வைக்கோல் நிறம், சுமார் 230 டிகிரி, பிறகு பழுப்பு, 250-க்கு மேல், பிறகு கத்தரிப்பூ நிறம், 280-ஐ ஒட்டி, அடுத்து மயில்கழுத்து நீலம், 300-ஐ ஒட்டி. கவாத்துக் கத்திக்குப் பழுப்பு முடிந்து கத்தரிப்பூ தொடங்கும் இடத்தில் மொத்தமாக முக்கிச் சூட்டை நிறுத்த வேண்டும். கோடாரிக்குக் கத்தரிப்பூ முடிந்து நீலம் எட்டிப்பார்க்கும் இடம். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் வாய் அபாரமாக வெட்டும், முதல் முடிச்சில் சில்லு தெறிக்கும். நீலத்தைத் தாண்டவிட்டால் சில்லு தெறிக்காது, வாயும் நிற்காது. ஓரிரு நொடியில் முடிந்துவிடும் இந்த வேலைக்குத்தான் நாம் கூலி கொடுக்கிறோம். அடிப்பது எல்லாம் அதற்கு முன்னேற்பாடு.

காம்புக்கு வருவோம். நல்ல தலை கெட்டுப்போவது பெரும்பாலும் கெட்ட காம்பினால்தான். கொய்யாக் கிளையும் முதிர்ந்த காப்பிக் கட்டையும் எங்கள் பக்கத்தில் சிறந்தவை. கீழிறங்கினால் கருவேலம் கிடைக்கும். கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், எளிதாகக் கிடைக்கிறது என்று வெட்டாதீர்கள், முறுக்கிக்கொண்டு வெடிக்கும். மேலும், மலைப்பகுதியில் மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டின் மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி வேண்டும் என்பதால், காம்புக்கென்று மரத்தில் கை வைக்க வேண்டாம். காப்பித் தோட்டத்தில் கவாத்து செய்து கழிக்கும் பருத்த கிளைகளைச் சொல்லிவைத்து வாங்கிக்கொள்ளலாம். நார் நீளவாக்கில் நேராக ஓடுகிறதா என்று பார்த்து, பட்டையைச் சீவி, இரு முனைகளிலும் சாணம் பூசி, சமையலறையின் அட்டத்தில் மூன்று நான்கு மாதம் கிடக்க விடுங்கள். அவசரப்பட்டுப் பச்சைக் காம்பு போட்டவர்களுக்கு ஜனவரியில் உறைபனிக் காற்று அடிக்கும்போது தலை கழன்று கையோடு வரும்.

தலையை ஏற்றும் முறையில் பலரும் தவறு செய்கிறார்கள். காம்பைத் தரையில் நிறுத்தித் தலையை மேலிருந்து அடித்து இறக்கினால் கண் சிதையும், காம்பு பிளக்கும். காம்பின் முனையைக் கண்ணில் நுழைத்து, தலை கீழே தொங்கும்படி காம்பை ஒரு கையில் அந்தரத்தில் பிடித்துக்கொண்டு, மறு முனையை மரச் சுத்தியலால் அடியுங்கள். கனமான தலை இருந்த இடத்தில் நிற்க, காம்பு அதற்குள் இறங்கும். ஒவ்வொரு அடிக்கும் தலை மேலேறி வருவதைப் பார்க்கலாம், முதல்முறை பார்ப்பவர்களுக்கு நம்பமுடியாது. வெளியே எட்டிப்பார்க்கும் முனையில், கண்ணின் நீளவாக்கில் முன்பே போட்டுவைத்த வெட்டுக்குள் காய்ந்த மர ஆப்பை அடித்து, அதற்குக் குறுக்கே ஒரு சிறு இரும்பு ஆப்பு போட்டால் போதும். தளர்ந்த காம்பை இரவு முழுவதும் தொட்டியில் ஊறவைப்பது எல்லார் வீட்டிலும் நடக்கிறது, நாங்களும் செய்துகொண்டிருந்தோம். ஊறிய மரம் கண்ணுக்குள் புடைத்து நசுங்கி, காயும்போது முன்பைவிட அதிகமாகத் தளரும். அதற்குப் பதிலாக ஆளி விதை எண்ணெயை, கடையில் லின்சீடு ஆயில் என்று கேட்டால் கிடைக்கும், ஆண்டுக்கு இரண்டு முறை முனையில் ஊற்றி ஊறவிடுங்கள். கூலிக்குக் காம்பு போடுபவர்கள் பளபளவென்று வார்னிஷ் அடித்துத் தருவார்கள். அதைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி எடுத்துவிடுங்கள், உள்ளங்கையில் கொப்புளம் வராது.

தீட்டுவதற்கு மின் சாணைக்குப் போக வேண்டியது வாய் சிதைந்தால் மட்டும்தான். அங்கேயும் வாய் ஓரத்தில் நீலம் படர்ந்தால் பட்டறைக்காரர் போட்ட பதம் அந்த நொடியே போயிற்று. அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள், சொன்னபடி செய்யாதவரிடம் மறுமுறை கொடுக்காதீர்கள். அன்றாடம் தீட்டக் கல் போதும். கோணம் தெரியவில்லை என்பவர்களுக்கு ஒரு கணக்கு: கத்தியின் அகலம் எவ்வளவோ அதில் கால் பங்கு உயரத்துக்கு முதுகைக் கல்லிலிருந்து தூக்கினால் சுமார் 15 டிகிரி, இரு பக்கமும் சேர்ந்து 30. நான்கு சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு ஒரு சென்டிமீட்டர், ஏறக்குறையச் சுண்டுவிரல் பருமன். ஒரு பக்கம் தேய்த்ததும் மறுபக்கத்து விளிம்பில் பிசிறு கைக்குத் தட்டுப்படும். தட்டுப்படும்வரை பக்கம் மாற்றாதீர்கள். தேயிலைக் குச்சியில் சாய்வாக ஒரு வெட்டு வெட்டிப் பாருங்கள். வெட்டு வாய் நாணயம்போல மழமழப்பாக, பட்டை கிழியாமல் இருக்க வேண்டும். பட்டை கிழிந்தாலோ கட்டை பிளந்தாலோ அந்த வழியாகத் தண்ணீர் இறங்கிக் கிளை பட்டுப்போகத் தொடங்கும்; மலிவுக் கத்தியின் உண்மையான விலை அடுத்த ஆண்டு செடியில் தெரிவது இப்படித்தான்.

துருவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: துடைக்க வேண்டும், காயவைக்க வேண்டும், எண்ணெய் தடவ வேண்டும். மூடுபனிக் காலத்தில் கருவிகளைச் சிமென்ட் தரையில் போடாமல் அடுப்படிச் சுவரில் மாட்டுங்கள். தேங்காய் எண்ணெய் தடவுபவர்கள் குளிரில் அது உறைந்து திட்டுத்திட்டாக நிற்பதைப் பார்த்திருப்பார்கள். தையல் இயந்திர எண்ணெய் மேல். செடியின் வெட்டு வாயில் பூச மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்டோ பசை கலக்கும்போது மட்டும் கவனம் வேண்டும். அந்த வாளியில் கத்தியை மறந்து போட்டுவிட்டால் செம்பு உப்பு இரும்பை அரித்துவிடும். அதே குணத்தை நமக்குச் சாதகமாகவும் பயன்படுத்தலாம்: நன்றாகத் தேய்த்த ஒரு பழைய கத்தியைக் கலவையில் ஒரு நிமிடம் வைத்து எடுத்துப் பாருங்கள், செந்நிறச் செம்புப் படிவு தெரிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும்.

எல்லாவற்றையும் பட்டறையில்தான் வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிக்க நான் சொல்லவில்லை. சுருள் ஸ்பிரிங் வைத்த கவாத்துக் கத்தரி, கை ரம்பம், அரம் ஆகிய மூன்றும் ஆலைச் சரக்குதான். அவற்றில் பெயர்பெற்ற நிறுவனத்தின் பொருளை, உதிரி வாயும் ஸ்பிரிங்கும் தனியாகக் கிடைக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு வாங்குங்கள், அது ஜப்பானாக இருந்தாலும் பஞ்சாபாக இருந்தாலும் சரி. ஸ்பேனர், கொறடு வகைகளில் இந்திய ஆலைகளின் தரம் நன்றாகவே இருக்கிறது. மண்வெட்டி, முள்ளுக்கொத்து, கவாத்துக் கத்தி, கோடாரி ஆகிய நான்கும் மட்டும் உள்ளூர் உலையில் காய்ச்சக்கூடிய எஃகாக இருக்க வேண்டும். மண்ணில் தேயும் கருவிக்கு மூன்று நான்கு ஆண்டுக்கு ஒருமுறை வாயைக் காய்ச்சி நீட்ட வேண்டியிருக்கும். உலையில் வைக்க முடியாத கருவியை அந்த நாளில் தூக்கிப் போடுவதைத் தவிர வேறு வழியில்லை. ஒரு கணக்குக்காக, 250 ரூபாய்க் கத்தி ஒரு பருவமும் 700 ரூபாய்க் கத்தி, இடையில் நூறு ரூபாய் வாய் நீட்டும் கூலியோடு, எட்டுப் பருவமும் உழைத்தால், முதலாவதற்கு 2,000 ரூபாயும் இரண்டாவதற்கு 800 ரூபாயும் செலவழித்திருப்போம்.

அதற்குப் பட்டறை திறந்திருக்க வேண்டும் அல்லவா? ஒற்றைக் கத்திக்காக உலை மூட்டினால் கரிச் செலவே கட்டாது என்பதால் பல பட்டறைக்காரர்கள் கேட்டும் கேளாதவர்போல இருந்துவிடுகிறார்கள்; பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட்ட பிறகு சம்மட்டி அடிக்க ஆளும் இல்லை. எங்கள் ஹட்டியிலும், அதாவது எங்கள் சிற்றூரிலும், பக்கத்து ஹட்டியிலுமாகப் பத்துப் பன்னிரண்டு வீட்டார் சேர்ந்து, கவாத்துக்கு ஒரு மாதம் முன்பே வாய் தேய்ந்த கருவிகளை ஒரே ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய் இறக்குகிறோம். ஒவ்வொன்றின் காம்பிலும் வீட்டுக்காரர் அடையாளமாகச் சிறு வெட்டு. கூலியில் பாதி முன்பணம். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 வகைத் தொழில்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 சதவீதம், உச்சமாக 50,000 ரூபாய் வரை மானியமும் உண்டு. மின் ஊதியும் சிறு மின் சம்மட்டியும் வாங்க நினைக்கும் பட்டறைக்காரர் தெரிந்தவராக இருந்தால், மாவட்டத் தொழில் மையத்துக்கு ஒருநாள் அவரோடு நீங்களும் போய் வாருங்கள். அந்தப் படிவத்தை நிரப்புவது சம்மட்டி பிடித்த கைக்கு எளிதல்ல.

கருவி கைக்கு வந்ததும், முதல் நாள் வேலை முடிந்தவுடன் துடைக்காமல் அப்படியே பட்டறைக்குக் கொண்டுபோய்க் காட்டுங்கள். எங்கள் பட்டறைக்காரர் இதைக் கட்டாயமாகக் கேட்பார். வாயில் எந்த இடத்தில் சாறு அதிகமாக ஒட்டியிருக்கிறது, பிடியில் எந்த இடம் வியர்வையில் கறுத்திருக்கிறது என்பதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அரத்தை எடுத்துப் பிடியில் இரண்டு இழுப்பு, முதுகில் ஒரு இழுப்பு இழுத்துத் திருப்பிக் கொடுப்பார். அதற்குக் கூலி வாங்க மாட்டார். ஒரு டீ வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.